கோஸ்தான் இல்லாத கார்

1995 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா நகரில் ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்த, ரிமோட்டில் ஓட்டும் சிறு கார்களின் தேர்வோட்டத்தில் மோகனாவும் ரெஜினால்டும் ஐந்து நிமிடத்தில் ஒரே எண்ணிக்கையிலான சுற்றுகளை முடித்தனர்.

மே மாதம் கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஓட்டத்துக்கு ஒவ்வொரு ஊர்க் குழுவும் ஒரு காரைத்தான் அனுப்பலாம். இருவரையும் மீண்டும் ஓடவிட வேண்டியதாயிற்று. வாகன நிறுத்துமிடத்தில் அடுத்த வாரமே மேசை நாற்காலி விற்பனைக்காகக் கூடாரம் போட்டுவிட்டார்கள். ஜாசின் சாலையிலிருந்து உள்ளே போகும் செரோஜா தோட்டத்தில் பழைய ரப்பர் பால் ஸ்டோருக்கு முன்னால் நல்ல சிமெண்ட் களம் இருக்கிறது, அங்கே ஓடலாம் என்று ரெஜினால்ட்தான் சொன்னார். அது மோகனா குடியிருக்கும் தோட்டம். எதிராளியின் களத்துக்கு அவராகவே வர முன்வந்ததைக் குழுவில் பலர் முட்டாள்தனம் என்றார்கள்.

ரெஜினால்டுக்கு வயது முப்பத்தைந்து. சுங்கை ஊடாங் சுத்திகரிப்பு ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. மலாக்கா குழு தொடங்கிய நாளிலிருந்து அதில் இருப்பவர். மோகனா தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை; குழுவில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கார் உண்மையில் அவருடைய கணவர் கவிநேசனுடையது. ஆயர் குரோ தொழிற்சாலை ஒன்றில் மின் பணியாளராக இருந்த கவிநேசன், ஒரு மழை விட்ட மாலையில், பின் சக்கரம் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பதற்காக ரிமோட்டை மனைவியிடம் கொடுத்து மெதுவாக ஓட்டச் சொன்னார். ஈரத் தரையில் முதல் சுற்றில் விழுந்த சக்கரத் தடத்தின் மேலேயே இரண்டாவது சுற்றும் மூன்றாவது சுற்றும் விழுந்தன. கவிநேசன் சக்கரத்தை மறந்துவிட்டுத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் ரிமோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. காரைக் கழற்றுவதும் பூட்டுவதும் அவர் வேலை, ஓட்டுவது மோகனாவின் வேலை என்று ஆனது.

கோலாலம்பூர் போக வேண்டும் என்று மோகனா வெளிப்படையாகவே ஆசைப்பட்டார். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். “சும்மா போய்ட்டு வரணும்னு இல்ல. அங்க நல்லா ஓட்டுறவங்களோட நின்னு ஓட்டணும். நான் எந்த எடத்துல இருக்கேன்னு தெரியணும்லா” என்றார்.

அதற்குத் தடையாக நின்றது கையளவு பாகம் ஒன்று. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்து எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று தீர்மானிக்கும் பாகத்துக்கு ஸ்பீட் கண்ட்ரோல் என்று பெயர். மோகனாவின் காரில் இருந்தது காரோடு பெட்டியில் வந்த பழைய வகை. செப்புத் தகடுகளின் மேல் ஒரு சிறு கை நகர்ந்து முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று வேகங்களைத் தரும். மெதுவாகப் போகும்போது மிச்ச மின்சாரம் ஒரு வெள்ளைக் கட்டியைச் சுடவைத்து வீணாகும். தேர்வோட்டத்தின் கடைசி நிமிடத்தில் அதன் தகடு கருகிவிட்டது. கார் இழுத்து இழுத்து ஓடியது. மோட்டாரும் பேட்டரியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. ஸ்பீட் கண்ட்ரோல் மட்டும் அவரவர் விருப்பம்.

மறுநாள் மாலை ரெஜினால்ட் தன் மனைவி சூசனுடன் தோட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

“இந்தா கவி, என்னோடத கழட்டிக் கொண்டாந்துட்டேன். ரெண்டு மூணு நாள் வச்சு ஓட்டிப் பாரு.”

“என்னண்ணே, எதிரிக்கே ஆயுதம் குடுக்குறீங்க?”

“கருகிப்போன தகட்ட ஜெயிச்சேன்னு ஆலையில போய்ச் சொல்ல முடியுமா? மானம் போயிடும்லா.”

“உடனே வாங்கிக்கோ கவி” என்றார் சூசன். “வீட்டுல சட்டி கழுவச் சொன்னா இந்தத் தாராளம் வராது.”

ரெஜினால்டுடையது மின்னணு வகை. நகரும் கையும் இல்லை, தகடும் இல்லை. வேகம் படிப்படியாக அல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறும். முன்னாலும் ஓடும், பின்னாலும் ஓடும். பின்னால் போவதை அந்தப் பக்கத்தில் லாரி டிரைவர் முதல் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோரும் கோஸ்தான் என்றுதான் சொல்வார்கள். “இதுல கோஸ்தான் அருமையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு ரெஜினால்ட் போனார்.

செரோஜா களத்தில் கோஸ்தானுக்கு ஏன் அத்தனை மரியாதை என்பதைச் சொல்லியாக வேண்டும். களத்தைச் சுற்றி அரை அடிக்கும் குறைவான சிமெண்ட் கரை. கரைக்கு அப்பால், பால் கழுவிய தண்ணீர் ஓடிய லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பிறகு ஸ்டோர் மூடப்பட்டது. களம் கார் விடுபவர்களுக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் ஒருநாள், கரையில் சிக்கிய காரைக் கையால் எடுத்து வைத்தவர் மூன்றடி முன்னால் தள்ளி வைத்தார் என்று சண்டை வந்தது. சட்டை கிழிந்தது. அப்போது தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் சாமிக்கண்ணு விசிலும் கையுமாக வந்து இரண்டு விதிகளைப் போட்டார். ஓட்டம் முடியும்வரை யாரும் எந்தக் காரையும் கையால் தொடக்கூடாது. ஒருவர் காரை இன்னொருவர் இடித்துச் சிக்கவைத்தால், இடித்தவர் தன் காராலேயே அதை விடுவிக்க வேண்டும். அதுவரை அவருடைய சுற்று கணக்கில் சேராது. நகரத்தில் இதற்கென்று ஆள் நிற்பார்கள், புரண்ட காரை நிமிர்த்திவிடுவார்கள். தோட்டத்தில் இடித்தவன்தான் திரும்பி வர வேண்டும். ஐந்து ஆண்டுகளில் சட்டை கிழிவது நின்றது. பிறகு மோகனா உட்பட அந்தக் களத்தில் பழகியவர்கள் எல்லோரும், நகரத்துக்காரர்களைவிட இடிக்காமல் ஓட்டினார்கள்.

கவிநேசன் ரெஜினால்டின் கண்ட்ரோலைப் பொருத்தினார். மோகனா ஒரு பேட்டரி தீரும்வரை ஓட்டினார். பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் நான்காவது நிமிடத்தில் மோகனா, “சுணங்குது” என்றார். கவிநேசன் காரை நிறுத்தி, கண்ட்ரோலின் சூடு தணிக்கும் தகட்டில் கட்டைவிரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

சனிக்கிழமை இருவரும் மலாக்காவில் புங்கா ராயா பக்கம் இருந்த கோ என்பவரின் கடைக்குப் போனார்கள். கோ கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு வகைகளை எடுத்து வைத்தார். ஒன்று ரெஜினால்டுடையதைப் போன்றது. இன்னொன்றில் முன்னால் ஓடுவதும் பிரேக்கும் மட்டும்தான், கோஸ்தான் கிடையாது. கடையின் மாதிரிக் காரில் அது பொருத்தியிருந்தது. பின் சந்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வயரை வெட்டி ஈயம் வைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று மலாயில் சொன்னார்.

பின் சந்தில் மோகனா அதை ஐந்து நிமிடம் ஓட்டினார். கவிநேசன் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். முன்னும் பின்னும் ஓட வேண்டுமென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் காவல் போட வேண்டும். முன்னால் மட்டும் போதுமென்றால் ஒரு காவல் போதும். ஒவ்வொரு காவலிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகிச் சாகும். சூடு ஏற ஏற இன்னும் அதிகமாகச் சாகும். மலாக்கா வெயிலில் ஐந்தாவது நிமிடம் யாரிடம் பலம் மிஞ்சும் என்பது இதில்தான் இருக்கிறது.

ஆனாலும் எதையும் வாங்காமல் இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். முடிவு செய்துவிட்டு வருவதாகக் கோவிடம் சொன்னார்கள். பேச்சு சாலையில் தொடர்ந்தது.

“கோஸ்தான் இல்லாம எப்படி மோகனா?”

“கேக்கலைங்க, காத்து அடிக்குது!”

“கோஸ்தான்! கோஸ்தான்!”

சமிக்ஞை விளக்கில் முன்னால் நின்ற லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். மோகனா சிரிப்பை அடக்க முடியாமல் கணவரின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

“சிரிக்காத. நீ கரையில மாட்டுனா எப்படி வெளிய வருவ?”

“நான் கரையில மாட்டி எத்தன மாசம் ஆச்சு?”

“சரி, மாட்ட மாட்ட. ரெஜினால்ட் அண்ணன நீ இடிச்சுட்டா? மண்டோர் விட்டுருவாரா? பின்னால போய் மூக்கத் திருப்பி எப்படி அவர எடுத்து விடுவ? அங்கயே ஆட்டம் முடிஞ்சுது.”

“அப்ப இடிக்கக் கூடாது.”

“இதெல்லாம் ஒரு பதிலா?”

“ஏங்க, கோஸ்தான் எதுக்கு? தப்பு பண்ணா சரி பண்றதுக்கு. அந்தத் தப்பு நடந்தாலும் நடக்காட்டியும் அஞ்சு நிமிஷமும் அதுக்குச் சூட்டக் குடுத்துக்கிட்டே இருக்கணும். கோலாலம்பூர்ல எடுத்துவிட ஆள் நிப்பாங்க. அங்க கோஸ்தானே கூடாதாம். எப்படியும் இதத்தான் பழகணும். இங்கயே பழகிட்டா என்ன?”

விளக்கு பச்சையானது. கவிநேசன் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு சாலையோரம் நிறுத்தி, வண்டியைத் திருப்பினார். கடை மூடுவதற்குள் கோவிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

கோஸ்தான் இல்லாததை வாங்கி வந்து கவிநேசன் ஈயம் வைத்தார். தனக்குப் பிடிக்காத தேர்வுக்காக ஒருவர் இவ்வளவு சுத்தமாக வேலை செய்வதைப் பார்ப்பது அபூர்வம். வயரைத் தேவைக்கு மேல் ஒரு விரல்கூட நீளமாக விடவில்லை. கண்ட்ரோலைக் காற்று படும்படி காரின் ஓரத்தில் வைத்து, மேற்கூட்டில் அதற்கு நேராக ஒரு துளை வெட்டினார். ரெஜினால்டின் பாகத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“எத எடுத்தீங்க?” என்று கேட்டார் ரெஜினால்ட்.

“கோஸ்தான் இல்லாதது.”

“செரோஜா களத்துலயா?” ரெஜினால்ட் பொட்டலத்தைப் பிரித்தார். “தங்கச்சிக்குத் துணிச்சல் ஜாஸ்தி.”

அந்த வாரம் முழுக்க மாலை நேரங்களில் மழை பெய்தது. மோகனாவுக்குப் பழக இரண்டு மாலைகள்தான் கிடைத்தன. பழைய கண்ட்ரோலில் பிரேக் இருந்ததில்லை. விசையை விட்டால் கார் தானாக மெதுவாகும், அவ்வளவுதான். புதியதில் பிரேக் பிடித்தால் கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. காய்ந்த தரையில் அதை மோகனா விரைவில் கைக்குள் கொண்டுவந்தார். ஈரத் தரையில் பிடித்துப் பார்க்க வாய்ப்பு அமையவில்லை.

ஏப்ரல் 9 ஞாயிறு காலை களத்தைச் சுற்றி நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். குழுவினர் நகரத்திலிருந்து இரண்டு கார்களில் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வாளியோடு வந்து நின்றார். நான்கு தகரப் பீப்பாய்களை வைத்துப் பாதை அமைத்திருந்தார்கள். இந்தக் களத்தின் வழக்கப்படி ஒருவருடைய சுற்றுகளை எதிர்த்தரப்பு எண்ண வேண்டும். மோகனாவின் சுற்றுகளைச் சூசனும், ரெஜினால்டின் சுற்றுகளைக் கவிநேசனும் உரக்க எண்ணினார்கள். சாமிக்கண்ணு விசிலை வாயில் வைத்தார்.

முதல் இரண்டு நிமிடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. ரெஜினால்ட் முன்னால் போனார், மோகனா ஒட்டியே வந்தார். ரெஜினால்ட் வளைவுகளில் பெரிதாகச் சுற்றி வேகத்தைக் காப்பாற்றுபவர். மோகனா பீப்பாயை உரசுவதுபோல் போய் உரசாமல் திரும்புபவர். மூன்றாவது நிமிடத்தின் தொடக்கத்தில், ஸ்டோரின் தாழ்வாரத்திலிருந்து இரவு மழை சொட்டிக் காயாமல் இருந்த இடத்தில், ரெஜினால்டின் கார் பின்புறம் வழுக்கிக் குறுக்கே திரும்பியது. மோகனா பிரேக்கைப் பிடித்தார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் நிற்காமல் நேராக வழுக்கிப் போய் ரெஜினால்டின் காரைக் கரைமேல் ஏற்றியது. அதன் வயிறு கரையில் உட்கார்ந்தது. மூக்கு லோங்காங்குக்கு மேல் நீட்டியது. பின் சக்கரங்கள் இரண்டும் காற்றில் சுற்றின.

விசில் ஊதியது.

“மண்டோரே, அவரு தானா வழுக்குனாரு!” என்று கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன. “குறுக்க வந்தது அவரு காருலா! இது எப்படி இடி ஆகும்?”

சாமிக்கண்ணு தயங்கினார். அது தயங்க வேண்டிய இடம்தான். வழுக்கியவர் ரெஜினால்ட், தட்டியவர் மோகனா. இரண்டு விதமாகவும் தீர்ப்பு சொல்லலாம்.

மோகனா காரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான்தான் மாமா இடிச்சேன். பிரேக்க மெதுவாப் பிடிச்சிருக்கணும். நேரம் ஓடுது, விடுங்க.”

“மோகனா இடி!” என்று அறிவித்தார் சாமிக்கண்ணு.

மோதிய வேகத்தில் மோகனாவின் கார் ஒரு சாண் பின்வாங்கி நின்றிருந்தது. முன் சக்கரங்களை முழுவதும் திருப்பி, எறும்பு வேகத்தில் நகர்த்தி, எப்படியோ வெளியே வந்தார். கோஸ்தான் இருந்திருந்தால் அங்கேயே பின்னால் போய், கோணம் பார்த்து, வாலைத் தட்டியிருக்கலாம். இப்போது அந்த இடத்துக்கு மறுபடி வர ஒரே வழி முழுக் களத்தையும் சுற்றி வருவதுதான். கணக்கில் சேராத சுற்று. மோகனா சுற்றினார்.

“இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிட்டேன்” என்று கவிநேசன் முணுமுணுத்தார்.

“அடிச்சுக்கிறது அப்புறம். பாரு” என்றார் சூசன்.

தட்ட வேண்டிய இடம் சிக்கிய காரின் வால். மெதுவாகத் தட்டினால் அசையாது. பலமாகத் தட்டினால் கார் லோங்காங்கில் விழும். அதை எந்தக் காராலும் எடுக்க முடியாது. மோகனாவின் ஆட்டமும் அதோடு தீரும். முதல் முறை கரையை ஒட்டி வந்து தொட்டார். வால் கொஞ்சம் அசைந்து நின்றது. நிற்காமல் கடந்து போனார். ரெஜினால்ட் முன்னும் பின்னுமாகச் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சூடான மோட்டாரின் வாடை வந்தது. இரண்டாவது சுற்றில் மோகனா இன்னும் சற்று வேகமாக வந்தார். மோதும் நொடியில் விசையை விட்டுவிட்டு, பிரேக்கை விரல்நுனியால் மட்டும் தொட்டார். ரெஜினால்டின் கார் வயிற்றின் மேல் கால்வட்டம் திரும்பியது. ஒரு பின் சக்கரம் தரையைத் தொட்டது. ரெஜினால்ட் கோஸ்தான் போட்டார். கார் கரையிலிருந்து குதித்து இறங்கியது.

கூட்டம் கத்தியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜெயா கைதட்டினார். ரெஜினால்டும் ரிமோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு தட்டு தட்டினார்.

“ஓட்டுயா!” என்று சூசன் அதட்டினார்.

ஒன்றரை நிமிடம் மீதி இருந்தது. சுற்றுக் கணக்கு சமம். கார்களும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டன. ஒரு சுற்றில் மோகனா ஒரு கார் நீளம் முந்தினார். அடுத்த சுற்றில் இரண்டு. ரெஜினால்டின் கார் வளைவிலிருந்து வெளியேறும்போது பழைய துள்ளல் இல்லை. கரையில் தொங்கியபோது சுழற்றிய சூடு அதன் கண்ட்ரோலில் ஏறியிருந்தது. நீண்ட ஓரத்தில் அது சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, மறுபடி எழுந்து, மறுபடி இறங்கியது. மோகனாவின் கார் முதல் நிமிடத்தில் எப்படிப் போனதோ அப்படியே போனது. தாழ்வாரத்து ஈரத்தை ஒவ்வொரு முறையும் பிரேக் தொடாமல் கடந்தது. கடைசி விசிலுக்கு முன் சூசன் எண்ணிய எண், கவிநேசன் எண்ணியதைவிட ஒன்று கூடுதல்.

ரெஜினால்ட் தன் காரை எடுத்து, கண்ட்ரோலில் விரலை வைத்துப் பார்த்துக் கையை உதறினார்.

“தங்கச்சி, ரெண்டாவது தடவ இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா நான் லோங்காங்லதான்.”

“தெரியும்ணே. அதான் பிரேக்கத் தொட்டேன்.”

“எவ்வளவு தொட்ட?”

“அதச் சொல்லத் தெரியல. இவ்ளோதான்.” மோகனா கட்டைவிரலால் காற்றில் காட்டினார். ரெஜினால்ட் அதைக் கூர்ந்து பார்த்துத் தானும் தன் ரிமோட்டில் செய்து பார்த்தார். மோகனா தட்டியது எப்படி என்று சாமிக்கண்ணு கூட்டத்தில் வேறு இருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய விதத்தில் தட்டியிருந்தால் இரண்டு கார்களும் விழுந்திருக்கும் என்று ஜெயா சொன்னார்.

கவிநேசன் மோகனாவின் காரை எடுத்தார். மேற்கூட்டைக் கழற்றி, கண்ட்ரோலின் மேல் கட்டைவிரலை வைத்தார். நெடுநேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

மே 14 அன்று கோலாலம்பூரில் பதினொரு கார்கள் ஓடின. மோகனா ஆறாவதாக வந்தார்.